உளவியல் மாணவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி இறுதித் தேர்வு முடிவுகள் வரும் நாட்களில், அடுத்து என்ன படிக்கலாம் என்று நாளிதழ்கள் வெளியிடும் பக்கங்களில் இப்போது உளவியலுக்கும் இடம் கிடைக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் படிப்பு அங்கே இரண்டே வரியில் அறிமுகமாகிறது: மனித மனத்தைப் புரிந்துகொள்ளலாம், ஆலோசகராகலாம். அதை நம்பிச் சேர்கிற மாணவர் முதல் பருவத்திலேயே திகைக்கிறார். அவர் கையில் கிடைப்பது நரம்பணுவின் படம், திட்ட விலக்கத்தின் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்ற அளவின்) சூத்திரம், 1879இல் வில்ஹெல்ம் வுண்ட் ஜெர்மனியின் லைப்சிக்கில் உளவியல் ஆய்வுக்கூடம் தொடங்கிய வரலாறு. இதற்கும் மனத்துக்கும் என்ன தொடர்பு என்று யாரும் சொல்லாததால், தேர்வுக்கு வேண்டிய அளவு மனப்பாடம் செய்து பட்டத்தை வாங்கிவிடுகிறார்.

அந்தத் தொடர்பைச் சொல்லவே இக்கடிதம். இளநிலைப் பாடத்திட்டம் எங்கு போனாலும் ஏறக்குறைய ஒரே சட்டகத்தில்தான் இருக்கும். அறிதல் உளவியல், உயிரியல் உளவியல், வளர்ச்சி உளவியல், சமூக உளவியல், ஆளுமையும் தனியாள் வேறுபாடும், பிறழ்நிலை உளவியல், கூடவே ஆய்வுமுறையும் புள்ளியியலும். இவற்றைத் தலைப்புகளாகப் படித்தால் ஆறு தனித்தனிப் பெயர்ப்பட்டியல்கள் மிஞ்சும். ஒவ்வொரு கூற்றுக்கும் முன்னால் "இது எப்படித் தெரிந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். கிளைக்குக் கிளை விடை வேறாக வரும். ஒரு கிளையை இன்னொன்றிலிருந்து பிரிப்பது அந்த விடைதான்.

அறிதல் உளவியலில் விடை பெரும்பாலும் நேரம், பிழை என்ற இரண்டு அளவுகளில் இருக்கிறது. மனத்துக்குள் நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் அதற்கு எவ்வளவு நேரம் பிடித்தது, எந்த இடத்தில் சறுக்கியது என்று அளக்கலாம். ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட நினைவு ஆய்வில் சோதனைக்கு உட்பட்டவர் அவர் ஒருவரே. பொருளற்ற அசைகளின் வரிசையைப் பிழையின்றி ஒப்பிக்கும்வரை படித்தார். இடைவெளி விட்டு அதே வரிசையைத் திரும்பப் படித்தார். இரண்டாம் முறை எவ்வளவு நேரம் மிச்சமானதோ, அதுவே நினைவில் தங்கியதன் அளவு. முதலில் 1,000 வினாடி பிடித்த வரிசை மறுநாள் 660 வினாடியில் வந்துவிட்டால் மிச்சம் 34 விழுக்காடு. அவருக்கு ஒருநாள் இடைவெளியில் கிடைத்ததும் ஏறக்குறைய அதே அளவுதான். ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போயிருந்தது; ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு தங்கியிருந்தது. மறத்தல் வளைகோட்டை அழகாக வரைந்து மதிப்பெண் வாங்குகிற பலருக்கு, அதன் செங்குத்து அச்சு குறிப்பது நினைவிருக்கும் சொற்களின் எண்ணிக்கை அன்று, மிச்சமான உழைப்பு என்பது தெரியாது. அச்சில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கோட்டை மட்டும் வரைவதில் பயனில்லை.

இந்தக் கிளையைக் கையால் செய்து கற்க ஸ்ட்ரூப் சோதனையைவிட நல்ல வாய்ப்பு எனக்குத் தெரியவில்லை. "பச்சை" என்ற சொல் சிவப்பு மையில் அச்சாகியிருக்கிறது. சொல்லைப் படிக்கக் கூடாது, மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். 1935இல் ரிட்லி ஸ்ட்ரூப் செய்தபோது, 100 வண்ணக் கட்டங்களின் நிறத்தைச் சொல்லச் சராசரியாக 63 வினாடி ஆனது. நிறம் மாறி அச்சான 100 சொற்களுக்கு 110 வினாடி ஆனது. இவ்வளவு பெரிய வேறுபாடு உளவியலில் அரிது. அதனால்தான் ஒரு வகுப்பிலேயே செய்து பார்க்க முடிகிறது.

ஆனால் அந்த எளிமையை நம்பி அலட்சியமாகச் செய்தால் முடிவு கெட்டுப்போகும். மூன்று தாள்கள் வேண்டும்: வெறும் வண்ணக் கட்டங்கள், நிறமும் சொல்லும் பொருந்துபவை, பொருந்தாதவை. ஒவ்வொன்றிலும் நான்கு நிறங்களில் 40 உருப்படிகள், ஒவ்வொரு நிறமும் பத்து முறை, ஒரே நிறம் அடுத்தடுத்து வராமல். மூன்று தாள்களை ஆறு வரிசைகளில் அடுக்கலாம். ஆகவே பங்கேற்போர் எண்ணிக்கை ஆறின் மடங்காக, 12, 18, 24 என்று இருக்கட்டும்; ஒவ்வொரு வரிசைக்கும் சம எண்ணிக்கையில் ஆட்கள் வருவார்கள். எல்லோருக்கும் பொருந்தாத தாளையே கடைசியில் கொடுத்தால், மெதுவானதற்குக் காரணம் சொல்லின் குறுக்கீடா களைப்பா என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. தொடங்குமுன் பயிற்சியாக ஒரு வரி சொல்ல விடுங்கள். தவறாகச் சொன்னால் திருத்திய பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும் என்று முன்பே அறிவித்துவிடுங்கள். இல்லையென்றால் சிலர் பிழையை விலையாகக் கொடுத்து வேகத்தை வாங்குவார்கள். சிலர் கண்ணைச் சுருக்கி எழுத்தை மங்கலாக்கிக்கொண்டு நிறத்தை மட்டும் பார்ப்பார்கள். அதைக் கவனித்துக் குறிக்காவிட்டால் அவருக்குக் குறுக்கீடே இல்லை என்று எழுத நேரும். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர் இருக்கலாம், அதையும் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். சரளமாகப் படிக்கத் தெரியாத மொழியின் சொற்களைக் கொடுத்தால் குறுக்கீடு குறையும். அது சோதனையின் குறையன்று. படிப்பது தானாக நடக்குமளவு பழகிவிட்டதால்தான் குறுக்கிடுகிறது என்ற விளக்கத்துக்கு அது வலு சேர்க்கிறது.

ஒரு சோதனையை இந்த அளவு நுணுக்கமாகச் செய்த மாணவருக்குச் சாராமாறி (நாம் மாற்றுவது), சார்ந்த மாறி (நாம் அளப்பது), வரிசை விளைவு என்ற சொற்களுக்கு வரையறை எழுதித் தர வேண்டியதில்லை. ரெக்கார்டில் எதிர்பார்த்த முடிவைத் தானே எழுதிக்கொள்ளும் பழக்கம்தான் இங்கே பெரிய கேடு. மூத்த மாணவரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதுகிற எண்களில் சிதறலே இருக்காது. உண்மையான மனிதர்கள் ஒருபோதும் அவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வதில்லை.

உயிரியல் உளவியலின் சான்று வேறு வகை. மூளையின் ஒரு பகுதி கெட்டால் எந்தத் திறன் போகிறது, எது தங்குகிறது என்று பார்ப்பது அதன் பழைய வழி. 1861இல் பால் புரோக்கா விவரித்த நோயாளியால் ஏறக்குறைய ஒரே அசையைத்தான் சொல்ல முடிந்தது. பிறர் பேசுவது புரிந்தது. 1953இல் வலிப்பு நோய்க்காக ஹென்ரி மொலைசனுக்கு மூளையின் இருபுறமும் ஹிப்போகேம்பஸ் என்ற உள்ளுறுப்பு உள்ளிட்ட பகுதியை அகற்றினார்கள். அதற்குப் பிறகு அவரால் புதிய நிகழ்வுகளை நினைவில் வைக்க முடியவில்லை. இத்தோடு நிறுத்தினால் பாதிதான் படித்ததாகும். கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரத்தின் விளிம்பை வரையும் பயிற்சியை பிரெண்டா மில்னர் அவருக்குக் கொடுத்தார். அதைச் செய்தது அவருக்கு நினைவில்லை, ஆனால் நாளுக்கு நாள் பிழை குறைந்தது. நினைவு என்பது ஒற்றைப் பொருளன்று என்பதற்கு இந்த இரண்டாவது பாதிதான் சான்று.

இன்றைய மாணவரை வண்ண வண்ண மூளைப் படங்கள் எளிதில் ஏமாற்றும். செயல்நிலை எம்ஆர்ஐ நரம்பணு வேலை செய்வதை நேரடியாக அளப்பதில்லை; அதைத் தொடர்ந்து சில வினாடிகள் தாமதமாக மாறுகிற இரத்த ஆக்சிஜன் அளவை அளக்கிறது. படத்தில் பல்லாயிரம் சிறு கட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தால் தற்செயலாகவே சில "எரியும்". 2009இல் கிரெய்க் பென்னட்டும் உடனிருந்தவர்களும் செத்த சால்மன் மீனைக் கருவிக்குள் வைத்து மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். பல ஒப்பீடுகளுக்கான திருத்தம் செய்யாதபோது அதன் மூளையிலும் "செயல்பாடு" தெரிந்தது. திருத்தம் செய்ததும் மறைந்துவிட்டது. புள்ளியியல் தாள் எதற்கு என்று கேட்கிற மாணவருக்கு இந்த மீனைச் சொல்லலாம்.

வளர்ச்சி உளவியலில் சிக்கல் கேள்வி கேட்பதிலேயே தொடங்கிவிடுகிறது. குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜேயின் எண் மாறாமைச் சோதனை எல்லாப் பாடநூலிலும் உண்டு. சம எண்ணிக்கையில் இரண்டு வரிசை வில்லைகள், ஒரு வரிசையைப் பரப்பி வைத்துவிட்டு "இப்போது இரண்டும் சமமா?" என்று கேட்டால் சிறு குழந்தை, நீளமானதில்தான் அதிகம் என்கிறது. குழந்தைக்கு எண் மாறாமை புரியவில்லை என்று எழுதுமுன் பொறுக்க வேண்டும். பெரியவர் ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால், முதல் விடை தவறு போலிருக்கிறது என்று குழந்தை எண்ணக்கூடும். 1974இல் மெக்கரிகலும் டொனால்ட்சனும் வரிசையை ஒரு பொம்மைக் கரடி குறும்பாகக் கலைத்ததுபோல் செய்தார்கள். சரியாகச் சொன்ன குழந்தைகள் கணிசமாகக் கூடினார்கள். செய்முறையில் இரண்டு வழியிலும் செய்து பார்த்து எழுதுகிற மாணவருக்கு, பியாஜேயின் நிலைகளைப் பட்டியலிடுகிறவரைவிட அதிகம் தெரியும்.

இக்கிளையில் இன்னொரு பொறி, வயதையும் தலைமுறையையும் குழப்புவது. இன்று 20 வயதினரையும் 70 வயதினரையும் ஒரே நாளில் சோதித்தால் அறிவுத்திறன் வயதோடு சீக்கிரமே சரிவதுபோல் தெரியும். ஆனால் அந்த இருவருக்கும் கிடைத்த பள்ளிப்படிப்பும் ஊட்டமும் வேறு. வார்னர் ஷாயி 1956இல் சியாட்டிலில் தொடங்கிய ஆய்வு அதே ஆட்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. அப்படிப் பார்த்தபோது சரிவு பல திறன்களில் மிகவும் பிந்தியே தொடங்கியது.

சமூக உளவியலைத்தான் மாணவர்கள் மிக விரும்பிப் படிக்கிறார்கள். மிக ஆபத்தாகக் கற்கப்படுவதும் அதுதான். காரணம், அது கதைகளாக நினைவில் நிற்கிறது. ஸ்டான்லி மில்கிராம் 1963இல் வெளியிட்ட ஆய்வில் 40 ஆண்களில் 26 பேர், அதிகாரியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி தருவதாக நம்பி, 450 வோல்ட் பொத்தான்வரை அழுத்தினார்கள். மின்சாரம் உண்மையில் பாயவில்லை. "மனிதர் 65 விழுக்காடு கீழ்ப்படிவர்" என்று எழுதிவிடுவது எளிது. அந்த எண் அந்தச் சூழலுக்கு உரியது. அதிகாரி அறையை விட்டுப் போய்த் தொலைபேசியில் கட்டளையிட்டபோது ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் இறுதிவரை போனார். சூழலை மாற்றினால் நடத்தை எவ்வளவு மாறுகிறது என்பதே அந்த ஆய்வுத் தொடரின் சாரம். சாலமன் ஆஷின் கோட்டு நீளச் சோதனையும் அப்படியே: எந்தக் கோடு சம நீளம் என்று கேட்டபோது, 18 முறைகளில் 12இல் ஆய்வாளரின் ஆட்களான மற்றவர்கள் கூடிப் பொய் சொன்னார்கள்; அந்த முறைகளில் மூன்றில் ஒரு பங்கு விடைகள் கூட்டத்தோடு போயின. ஆனால் நாலில் ஒருவர் ஒருமுறைகூட வளையவில்லை. சரியான விடை சொல்லும் ஒரே ஒரு துணை கிடைத்ததும் இணக்கம் சட்டென விழுந்தது. இந்த வாக்கியங்களைப் பல விடைத்தாள்களில் காண முடிவதில்லை.

மாணவர்களைக் காவலர்களாகவும் கைதிகளாகவும் நடிக்க வைத்த 1971ஆம் ஆண்டின் ஸ்டான்ஃபோர்ட் சிறைச் சோதனையை இன்னும் சான்றாக எழுதுகிறார்கள். இரண்டு வாரத்துக்குத் திட்டமிட்டு ஆறே நாளில் நிறுத்தப்பட்ட அதில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கட்டுப்பாட்டுக் குழு கிடையாது. காவலர்களுக்கு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று வழிகாட்டப்பட்டதும் பின்னர் வெளிவந்தது. நியூயார்க்கில் கிட்டி ஜெனொவீஸ் என்ற பெண் 1964இல் கொல்லப்பட்டதை 38 பேர் வேடிக்கை பார்த்தார்கள் என்பதும் ஆவணங்களோடு பொருந்தாத செய்தி. ஆனால் அதையொட்டி டார்லியும் லட்டானேயும் 1968இல் செய்த சோதனைகள் வேறு வகை. அருகில் ஆட்கள் கூடக்கூட ஒவ்வொருவரும் தனிப்பட்ட பொறுப்பைக் குறைவாக உணர்கிறார்கள் என்பதை அவை ஒழுங்காக அளந்தன. செய்தி பிழை, சோதனை பிழையன்று. இந்த வேறுபாட்டைப் பிடிக்கத் தெரிவதுதான் பயிற்சி.

2015இல் வெளியான கூட்டு முயற்சி ஒன்று, வெளியாகியிருந்த 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தது. மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல் முக்கியத்துவம் (தற்செயல் என்று எளிதில் தள்ளிவிட முடியாத முடிவு) காட்டியவை. திரும்பச் செய்தபோது 36 விழுக்காடுதான் காட்டின. அறிதல் உளவியலில் ஏறக்குறையப் பாதி நின்றது, சமூக உளவியலில் கால் பங்கு. இதைக் கேட்டுத் துறையையே கைவிடத் தேவையில்லை. தன் வீட்டுக் கணக்கைத் தானே தணிக்கை செய்து முடிவை வெளியே சொன்ன துறை இது. ஆனால் இந்த எண்களைச் சொல்லாமல் பாடம் நடத்துவது மாணவருக்குச் செய்யும் அநீதி.

ஆளுமைப் பகுதிக்கு வருகிறேன். இதில் நாளிதழ்களுக்கும் பங்குண்டு. 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் தம் மாணவர் 39 பேரிடம் ஆளுமைச் சோதனை நடத்தி, தனித்தனி அறிக்கை என்று சொல்லி எல்லோருக்கும் ஒரே அறிக்கையைக் கொடுத்தார். அது எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பிடச் சொன்னபோது சராசரி 4.26 வந்தது. வகுப்பில் அரை மணி நேரத்தில் இதைச் செய்யலாம். செய்த பிறகு, "என்னைப் பற்றி அப்படியே சொல்லிவிட்டது" என்பது ஒரு சோதனைக்குச் சான்றாகாது என்று தனியாகச் சொல்ல வேண்டியிராது.

அப்படியானால் எது சான்று? நம்பகத்தன்மையும் (திரும்ப அளந்தாலும் ஏறக்குறைய அதே விடை வருவது) ஏற்புடைமையும் (அளக்க நினைத்ததையே அளப்பது). இந்த இரண்டு சொற்களையும் வரையறையாக எழுதுவோர் பலர், கணக்காகச் செய்வோர் சிலர். அறிவுத்திறன் சோதனை ஒன்றின் சராசரி 100, திட்ட விலக்கம் 15, நம்பகத்தன்மைக் கெழு 0.90 என்று கொள்வோம். அளவீட்டின் திட்டப்பிழை, 15ஐ 0.10இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் வரும் 4.7. ஒருவருக்கு 100 வந்தால், 95 விழுக்காடு உறுதியோடு சொல்லக்கூடியது 91க்கும் 109க்கும் இடையே என்பது மட்டுமே. கெழு 0.70ஆக இறங்கினால் அந்த இடைவெளி 84 முதல் 116 வரை விரிந்துவிடும். இதைப் போட்டுப் பார்த்த மாணவர் இரண்டு குழந்தைகளை 103, 98 என்ற எண்களை வைத்து ஒருநாளும் தரம் பிரிக்க மாட்டார்.

வினாப்பட்டியலைக் கையாளும்போது அடிக்கடி நேரும் ஒரு தவறையும் குறிப்பிட வேண்டும். "நான் எளிதில் பதற்றப்படுவேன்" என்ற கூற்றோடு "நான் பெரும்பாலும் அமைதியாக இருப்பேன்" என்ற எதிர்க்கூற்றும் கலந்திருக்கும். ஐந்து புள்ளி அளவில் எதிர்க்கூற்றின் மதிப்பெண்ணை 6இலிருந்து கழித்த பிறகே கூட்ட வேண்டும். அதை மறந்தால் மொத்த மதிப்பெண் எல்லோருக்கும் நடுவில் குவியும். கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் குரோன்பாக் ஆல்ஃபா பாதாளத்துக்குப் போகும், சிலவேளை எதிர்க்குறியாகவே வரும். அப்படி வந்தால் கருவியைக் குறை சொல்லுமுன் இதைச் சரிபார்க்க வேண்டும்.

கடைசியாகப் பிறழ்நிலை உளவியலும் மருத்துவ உளவியலும். பலர் இதற்காகவே சேர்கிறார்கள், இதையே முதலில் படிக்க ஆசைப்படுகிறார்கள். ஆனால் இது மற்ற கிளைகளின் மேல் நிற்கும் மாடி. பெரும் மனச்சோர்வுக் கோளாறுக்கு, மனநோய்களை இனங்காணும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5 சொல்லும் அளவுகோல்: ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து, இரண்டு வாரம், அவற்றுள் ஒன்று சோர்ந்த மனநிலையாகவோ ஆர்வமிழப்பாகவோ இருக்க வேண்டும். இதை ஒப்பித்துவிட்டுத் தனக்கும் தோழருக்கும் நோய்ப்பெயர் வைக்கத் தொடங்குவது மாணவர்களிடம் ஆண்டுதோறும் காணும் பழக்கம். அதே அளவுகோலில், அன்றாட வாழ்வில் குறிப்பிடத்தக்க துன்பமோ செயல்குறைவோ இருக்க வேண்டும், வேறு உடல்நோயோ மருந்தோ காரணமாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனைகளும் உண்டு. ஒப்பிக்கும்போது உதிர்ந்துவிடுபவை இவைதாம்.

சிகிச்சை பலன் தருகிறதா என்ற கேள்விக்கும் சமூக உளவியல், புள்ளியியல் தாள்களில் படித்ததே தேவைப்படுகிறது. மனிதர்கள் பெரும்பாலும் தங்கள் நிலை மிக மோசமாக இருக்கும்போதுதான் உதவி தேடி வருகிறார்கள். ஒன்றுமே செய்யாவிட்டாலும் அதற்குப் பிறகு பலருக்கு ஓரளவு தணியும். சராசரியை நோக்கித் திரும்பும் இந்தப் போக்கு, கட்டுப்பாட்டுக் குழு இல்லாத ஆய்வில் சிகிச்சையின் வெற்றியாகத் தெரியும். எனவே "பத்துப் பேரில் எட்டுப் பேர் தேறினார்கள்" என்று எங்காவது படித்தால், சிகிச்சை பெறாத பத்துப் பேரில் எத்தனை பேர் தேறினார்கள் என்று கேட்கத் தெரிய வேண்டும். பெற்றோருக்கும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது: இளநிலைப் பட்டம் மட்டும் ஒருவரை மனநலச் சிகிச்சையாளர் ஆக்காது. அதற்கு மேற்படிப்பும் கண்காணிப்பின்கீழ் பெறும் பயிற்சியும் தேவை. மருந்து எழுதும் மனநல மருத்துவர் மருத்துவம் படித்துவிட்டு வருபவர். அந்தப் பாதையே வேறு.

இறுதியாண்டு ஆய்வேட்டில்தான் இவையெல்லாம் ஒன்றுசேர வேண்டும். நடப்பது வேறு. குழுவுக்கு 20 பேர், ஏழெட்டு வினாப்பட்டியல்கள், எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் ஒட்டுறவு (ஒன்று மாறும்போது மற்றதும் சேர்ந்து மாறுகிறதா என்ற கணக்கு) போட்டுப் பார்த்து, தொடர்பே இல்லாவிட்டாலும் அப்படி முடிவு வரும் வாய்ப்பு 0.05க்குக் கீழே வந்ததை மட்டும் எழுதுவது. உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாத இடத்தில் ஒன்றையொன்று சாராத 20 சோதனைகள் செய்தால், குறைந்தது ஒன்று "முக்கியமானதாக" வரும் வாய்ப்பு 64 விழுக்காடு. மறுபக்கம், திட்ட விலக்கத்தில் பாதியளவு வேறுபாடு உண்மையிலேயே இருந்தாலும், குழுவுக்கு 20 பேரை வைத்து அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான். 80 விழுக்காடு வாய்ப்பு வேண்டுமென்றால் குழுவுக்கு 64 பேர் வேண்டும். அத்தனை பேர் கிடைக்காவிட்டால் ஒரே ஆட்களை இரு நிலைகளிலும் சோதிக்கும் வடிவத்துக்கு மாறலாம். ஒருவரின் இரு நிலை மதிப்பெண்களுக்கும் இடையே 0.5 அளவு ஒட்டுறவு இருந்தால், அதே அளவு வேறுபாட்டுக்கு அங்கே 34 பேர் போதும். ஒரே ஒரு கருதுகோள், அதற்கு ஒரே ஒரு சோதனை என்று தரவு திரட்டுமுன்பே எழுதித் தேதியிட்டு வழிகாட்டும் ஆசிரியரிடம் கொடுத்துவிட வேண்டும். முடிவு எதிர்மறையாக வந்தால் அதையும் அப்படியே எழுத வேண்டும், அதற்காக மதிப்பெண் குறைக்கக் கூடாது.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். உளவியல் ஆய்வு பற்றிய செய்தியை வெளியிடும்போது எத்தனை பேரிடம் செய்தார்கள், அவர்கள் யார், எதோடு ஒப்பிட்டார்கள் என்ற மூன்றையும் செய்திக்குள் சேர்த்துவிடுங்கள். ஒரு வாக்கியத்துக்கு மேல் இடம் பிடிக்காது.

இப்படிக்கு,
உளவியல் பேராசிரியர் ஒருவர்